தாலிக் கயிற்றுக்குக் கீழே ஒரு பொருக்கு

காய்ச்சல் வந்து மூன்று நாளைக்கு மேல் நின்றால் உடம்பை முழுக்கப் பாருங்கள். துணியை விலக்கிப் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, காதுக்குப் பின்னால், இடுப்புக் கயிறு கட்டும் இடம், எல்லாம். பீடி நெருப்பு சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருந்தால், வலிக்காவிட்டாலும், டாக்டரிடம் காட்டுங்கள். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அவசரமாக இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதியெல்லாம் என் எரிச்சல்.

நான் கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள். பெயர் வள்ளிநாயகி. பிறந்தது பழனி அடிவாரம். பரிணாமத்தைப் பாடமாக நடத்துவேன், சஷ்டிக்கு விரதமும் இருப்பேன். இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒருநாளும் தகராறு வந்ததில்லை. தகராறு வந்ததெல்லாம் மற்றவர்களுக்கு. அதிலும் இரண்டு பேருக்கு.

ஒருவர் என் கணவரின் அண்ணன் தண்டபாணி. பழனியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். நான் அத்தான் என்று கூப்பிடுவேன். தினமும் விடிந்ததும் அவரிடமிருந்து என் செல்போனுக்கு ஒரு விஞ்ஞானம் வரும். திருநீறு நெற்றியிலிருக்கும் நீரை உறிஞ்சுகிறது. கோபுரக் கலசம் இடியைத் தாங்குகிறது. தசாவதாரம்தான் பரிணாமக் கொள்கை, வெள்ளைக்காரன் நம்மிடமிருந்து திருடிக்கொண்டான். ஒருமுறை பொறுக்க முடியாமல், "மீனுக்கும் மனுஷனுக்கும் நடுவுல பாதி சிங்கம் வருதே, அதோட எலும்பு எந்தப் பாறையில கெடைச்சுச்சு அத்தான்?" என்று கேட்டேன். "ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கும்மா" என்றார். யார் நடத்துகிறார்கள் என்று கேட்டதற்கு, மறுநாள் விடிந்ததும் இன்னொரு விஞ்ஞானம் வந்தது. சாமியை இவ்வளவு நம்புகிறவருக்கு, அந்தச் சாமிக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு நற்சான்று வாங்கிக் கொடுக்காவிட்டால் தூக்கம் வராது என்றால், அவர் உண்மையில் எதை நம்புகிறார் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்னொருவர் எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் கதிரவன். நான் திருநீறு வைத்துக்கொண்டு போனால், "டீச்சர், நெத்தியில சாக்பீஸ் பட்டிருக்கு" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து இதே நகைச்சுவைதான். மாற்றி ஒன்று யோசிக்கக்கூட அவரால் முடியவில்லை. பட்டம் வாங்கிய பிறகு அவர் ஒரு அறிவியல் புத்தகத்தைப் புரட்டியதாக எனக்குத் தெரியாது. சாமி இல்லை என்று சொல்லிவிட்டால் விஞ்ஞானி ஆகிவிடலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு பேரையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். என் உடம்பில் நடந்ததைவிட இவர்கள் என் கட்டிலருகே நடத்தியதுதான் எனக்கு இன்றைக்கும் கசக்கிறது.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை பள்ளியின் இயற்கை மன்றத்துப் பிள்ளைகளைப் பூண்டிக்குக் கூட்டிப்போயிருந்தேன். மேல்மலையில், பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போனோம். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்க, நான் பூண்டு வயலுக்கு மேலே ஒரு புல் மேட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஒரு வாரத்துக்கு மேலே ஆகியிருக்கும். வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது நடுக்கம் வந்தது. கொடைக்கானலில் நடுங்குவது ஒரு விஷயமா என்று சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வீட்டுக்கு வரும்போது காய்ச்சல். தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலி, கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி. மாத்திரை போட்டால் கொஞ்சம் இறங்கும், பிறகு முன்னைவிட ஏறும்.

என் கணவர் குமரேசன் பஜாரில் ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். கடையைச் சாத்திவிட்டு என்னை ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனார். எந்தக் கிளினிக் என்று சொல்லப்போவதில்லை. அங்கிருந்த டாக்டர் என் முகத்தைவிடத் தன் செல்போனை அதிகம் பார்த்தார். சேலைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். நாக்கை நீட்டச் சொன்னார். ரத்தம் எடுத்து விடால் பரிசோதனை செய்யச் சொன்னார்.

விடால் என்பது, டைஃபாய்டு கிருமிக்கு எதிராக நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. எப்போதோ வந்துபோன காய்ச்சலுக்கும் அது 'இருக்கு' என்று சொல்லும். போட்டுக்கொண்ட தடுப்பூசிக்கும் சொல்லும். அதை மட்டும் வைத்து டைஃபாய்டு என்று முடிவு கட்டக்கூடாது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். 'பாசிட்டிவ்' என்று வந்தது. டைஃபாய்டு என்றார். ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தலைவலியோடு யாருடைய கையெழுத்தையும் கேள்வி கேட்கத் தோன்றாது, எவ்வளவு படித்திருந்தாலும்.

தினமும் போய்க் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தேன். காய்ச்சல் இறங்கவில்லை. செய்தி பழனிக்குப் போய், அத்தான் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு வெள்ளித் தாயத்து.

"யாரோ ஒரு சித்தரு வழியில வந்தவரு மந்திரிச்சுக் குடுத்தது. சும்மா நெனைக்காதம்மா. இதுல அலை இருக்கு. வெள்ளி நல்ல கடத்தி. நீ சயின்ஸ் படிச்சவ, ஒனக்குச் சொல்லணுமா?"

'முருகன் பார்த்துக்கொள்வான், கட்டிக்கொள்' என்று சொல்லியிருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். கடத்தி என்கிறார். என்ன அலை, எதிலிருந்து எதற்குக் கடத்துகிறது என்று கேட்க வாய் வரை வந்தது. இருமல் வந்துவிட்டது.

"அண்ணன் மனசுக்காகக் கட்டிக்க வள்ளி" என்றார் என் கணவர், காதோரமாக. அவரே தாலிக் கயிற்றில் கோத்துவிட்டார். அது மார்புக்குக் கீழே வந்து தொங்கியது.

அடுத்த நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. கண் மஞ்சளாக இருப்பதைக் கணவர்தான் பார்த்தார். அவர் யாரையும் கேட்கவில்லை. கிளினிக்கில் 'இன்னும் ரெண்டு ஊசி பாக்கி இருக்கு' என்று சொன்னதற்கு, "அத நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கார் பிடித்து வந்தார். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மலைப்பாதை முழுக்க என் தலையைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். வத்தலக்குண்டு வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். பூக்கூடையோடு நின்ற ஒரு பெண் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அதற்கப்புறம் நடந்ததில் பாதி எனக்கு மற்றவர்கள் சொன்னது.

கீழே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வராந்தா பெஞ்சில் காத்திருந்ததும், பக்கத்தில் யாரோ மருதாணி மணக்க உட்கார்ந்திருந்ததும் நினைவிருக்கிறது. ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. ஈரல் வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் இரண்டும் பனி மூடின மாதிரி வெள்ளையாக இருந்தது. அப்படியென்றால் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

அங்கேதான் டாக்டர் நஸ்ரீன் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. பழனிக்காரப் பெண், தகப்பனார் அங்கே ஜவுளிக் கடை வைத்திருப்பவர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கொடைக்கானல்னா எந்தப் பக்கம்? காடு, வயல் எங்கயாச்சும் போனீங்களா? புல்லுல உக்காந்தீங்களா?"

கணவர் பூண்டியைச் சொன்னார். டாக்டர் உடனே திரையை இழுத்துவிட்டு, "அம்மா, சங்கடப்படாதீங்க, முழுசாப் பாக்கணும்" என்றார். காதுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பில் என்று டார்ச் அடித்துப் பார்த்தார். ரவிக்கையைத் தளர்த்தினார். தாலியையும் தாயத்தையும் சேர்த்துப் பிடித்து ஓரமாக ஒதுக்கினார். நின்றுவிட்டார்.

"இது எப்ப வந்துச்சு?"

எனக்கு எதுவும் தெரியாது. வலிக்கவில்லை, அரிக்கவில்லை. இடது மார்புக்குக் கீழே, தாயத்து படிந்திருந்த அதே இடத்தில், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு. சுற்றிலும் சிவப்பு.

"ஸ்க்ரப் டைஃபஸ்" என்றார் நர்ஸிடம். "டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், மருந்த இப்பவே ஆரம்பிங்க."

இதைத்தான் பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். உண்ணி இல்லை. மாட்டிலும் நாயிலும் ஒட்டி ரத்தம் குடிக்கிற உண்ணி வேறு, இது வேறு. இது சிற்றுண்ணி என்கிற, ஆங்கிலத்தில் மைட் என்கிற வேறொரு இனத்தின் குஞ்சு. சாக்பீஸ் தூள் அளவுக்குத்தான் இருக்கும், ஆறு கால். புல் நுனியில் காத்திருந்து நம் மேல் ஏறி, துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாகப் பார்த்து வாயை வைக்கும். ரத்தம்கூடக் குடிக்காது, தோலைக் கரைத்து உறிஞ்சும். போகும்போது ஒரு கிருமியை விட்டுவிட்டுப் போகும். அந்தக் கிருமி ரத்தக் குழாய்களின் உள்சுவரைத் தாக்குகிறது. அதனால்தான் நுரையீரல், ஈரல், சிறுநீரகம், மூளை என்று கண்ட இடத்திலும் நீர் கசிகிறது. மருந்து என்னவோ மிகப் பழைய மருந்து, எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். கிளினிக்கில் எனக்கு ஏற்றிய விலை உயர்ந்த ஊசிக்கெல்லாம் இந்தக் கிருமி அசையவே அசையாது.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. வியர்த்துக் கொட்டி, படுக்கை நனைந்து, எனக்குப் பசித்தது. கணவர் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊதி ஊதிக் கொடுத்தார். அவர் காலில் செருப்பு இல்லை. வராந்தாவில் இருந்தபோதும் செருப்பைக் கழற்றிவிட்டே இருந்தார் என்று நர்ஸ் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "உள்ள நீ கெடக்கேல்ல" என்றார். அவர் எந்தச் சாமியை எவ்வளவு நம்புகிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் விளக்கியதும் இல்லை.

விளக்குகிறவர்கள் அன்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். முதலில் அத்தான். பொருக்கு இருந்த இடத்தை என் கணவர் வெள்ளந்தியாக அவரிடம் சொல்லியிருக்கிறார். வார்டுக்குள் நுழையும்போதே கையைக் கூப்பியபடி வந்தார்.

"பாத்தியாம்மா! தாயத்து கரெக்டா அந்த எடத்துல போயி நின்னிருக்கு. இம்புட்டு ஒடம்புல அந்த ஒரு எடம்! முருகன் வெரல வச்சுக் காமிச்சிருக்கான். வெள்ளி, கிருமிய இழுத்திருக்கு. இதுதான் நம்ம சயின்ஸ்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆப்பிள் பையோடு கதிரவன் வந்தார். கேட்டுக்கொண்டே நின்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சார், கொஞ்சம் மாத்தி யோசிங்க. தாலியும் தாயத்தும் சேந்து அத மறச்சு வச்சிருக்கு. மூடநம்பிக்கை ஒரு உயிரையே எடுக்கப் பாத்திருக்கு. டீச்சர், நாளைக்கே நீங்க இத அசெம்ப்ளியில சொல்லணும்."

"நாஸ்திகம் பேசுறதுக்கு ஆஸ்பத்திரிதான் கெடச்சுதா?"

"உண்மையப் பேசுறதுக்கு எடம் எதுக்குங்க?"

என் கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் மூக்கில் குழாயோடு நான். என் மார்புக்குக் கீழே இருக்கிற ஒரு புண்ணை இரண்டு ஆண்கள் வார்டு முழுக்கக் கேட்கும்படி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கூச்சம்கூட இரண்டு பேருக்கும் இல்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று அதுவரை இரண்டு பேருமே கேட்கவில்லை.

குழாயைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு சொன்னேன்: "அத்தான், வெரல் வச்சுக் காமிக்கிற சாமி, அத மொத நாளே அந்தக் கிளினிக் டாக்டருக்குக் காமிச்சிருக்கக் கூடாதா? கதிரவன் சார், தாயத்து கட்டுறதுக்கு முன்னாடியும் அந்த டாக்டர் சேலைய விலக்கிப் பாக்கல. பாக்காத மனுஷனுக்கு எத மறைக்க?"

 அத்தான் கதிரவனைப் பார்த்து, "அவளுக்குக் காய்ச்ச வேகம் இன்னும் போகல" என்றார். கதிரவன் தலையாட்டினார். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினாள்.

பக்கத்துக் கட்டிலில் ராக்கம்மா என்ற பெண் இருந்தாள். நாற்பது வயது இருக்கும். பூண்டியில் பூண்டு வயலில் கூலி வேலை. எனக்கு வந்த அதே காய்ச்சல். அவளுக்குப் பொருக்கு முதுகில் இருந்தது, அவளாலேயே பார்க்க முடியாத இடம். அவளைப் பார்த்துக்கொள்ளத் தங்கை சின்னத்தாய் வந்திருந்தாள். எனக்கும் சேர்த்துச் சுடுதண்ணீர் பிடித்து வருவாள், என் கணவர் வெளியே போனால் எனக்குத் தலைகூட வாரிவிடுவாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. "ஏலே, டீ வாங்கப் போனவன் தேயிலை பறிக்கப் போயிட்டானா?" என்று, டீயோடு வராந்தாவில் மெதுவாக வந்துகொண்டிருக்கும் அக்கா புருஷனை இங்கிருந்தே அதட்டுவாள்.

ராக்கம்மாவுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. ரத்தத்தில் உப்பு ஏறிக்கொண்டே போனது. உப்பு என்றால் சமையல் உப்பு இல்லை, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவைத்தான் ஆஸ்பத்திரிகளில் அப்படிச் சொல்கிறார்கள். இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். நினைவு வருவதும் போவதுமாக இருந்தாள். நினைவு வரும்போதெல்லாம் "பழனியப்பா" என்று கூப்பிடுவாள். சத்தமாக, பக்கத்து அறையில் இருப்பவனைக் கூப்பிடுகிற மாதிரி.

"டீச்சர், நீங்க பழனிதானே? எதச் சொன்னா அவருக்குச் சட்டுனு கேக்கும்?" என்று சின்னத்தாய் கேட்டாள்.

"நீ சொல்றதே கேக்கும்மா."

"அக்கா எந்திரிச்சிட்டா மொட்டை போடுறேன்னு நேந்திருக்கேன்" என்றாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி.

நானும் கும்பிட்டேன். படுத்துக்கொண்டே, கையில் ஊசி குத்தியிருந்ததால் மனசுக்குள்ளேயே கையைக் கூப்பி. மருந்து எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்ள விடாமல் தடுக்கும், கிருமி பெருகாது, மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும். சிறுநீரகம் ஒரு அளவுக்கு மேல் கெட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அத்தனையும் தெரிந்துகொண்டேதான் கும்பிட்டேன். தெரிந்தது கும்பிடுவதைத் தடுக்கவில்லை, கும்பிட்டது தெரிந்ததை அழிக்கவும் இல்லை. மருந்துக்குப் பதிலாக நான் முருகனைக் கூப்பிடவில்லை. மருந்துக்குத் துணையாகவும் கூப்பிடவில்லை. பயமாக இருந்தது, கூப்பிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் டாக்டர் நஸ்ரீன் தலையை முக்காடிட்டுக்கொண்டு அவசரமாக வார்டைக் கடந்து போனார். தொழுகைக்கு என்று நர்ஸ் சொன்னாள். திரும்பி வந்து என் நாடியைப் பிடித்தபோது கேட்டேன். "டாக்டர், நீங்க ரெண்டையும் எப்படி ஒண்ணு சேத்துக்கிறீங்க?"

"எந்த ரெண்ட?"

"படிச்சதையும் தொழுகையையும்."

சிரித்துவிட்டார். "எதுக்கும்மா சேக்கணும்? எனக்கு அதுக்கெல்லாம் நேரமே கெடையாது." பிறகு ராக்கம்மாவின் கட்டிலைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் வெள்ளனே கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

மறுநாள் காலையில் ராக்கம்மா இறந்துபோனாள். காபி வருகிற நேரம். சின்னத்தாய் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் யாராவது எதற்காவது எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவளைக் கொண்டுபோன பிறகும் அந்தக் கட்டிலை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தான் பஞ்சாமிர்த டப்பாவோடு வந்தார். விஷயத்தைக் கேட்டார். உச்சுக் கொட்டினார். டப்பாவைத் திறந்துகொண்டே, "என்ன செய்யுறது, போன பிறவிக் கணக்கு. ஒனக்கு முருகன் இருந்தான், தப்பிச்ச" என்றார்.

ராக்கம்மா கூப்பிட்டதை அந்த வார்டே கேட்டிருக்கிறது. நான் மனசுக்குள் முனகினவள். அவள் கூப்பிட்டவன் யார், என்னோடு இருந்தவன் யார்? கூலிக்காரிக்கு வராதவன் டீச்சருக்கு மட்டும் வெள்ளிக் குழாயில் ஏறி வந்தானா?

"வெளிய போங்க அத்தான்" என்றேன்.

"என்னம்மா?"

"வெளிய போங்க. அந்த டப்பாவையும் எடுத்துக்கங்க."

கணவரின் அண்ணனிடம் அப்படிப் பேசுவது எங்கள் வீட்டில் நடக்காத காரியம். அத்தான் தம்பியைப் பார்த்தார். தம்பி எழுந்து, டப்பாவை மூடி அண்ணன் கையில் கொடுத்து, "அண்ணே, அப்புறம் வா" என்றார்.

சாயங்காலம் கதிரவன் போனில் பேசினார். ராக்கம்மாவைப் பற்றிச் சொன்னேன், ஏன் சொன்னேனோ. "என்ன டீச்சர் செய்யுறது, படிப்பறிவில்லாத ஜனங்க. கோயில் கோயிலாச் சுத்திட்டு உயிர் போற நேரத்துல வர்றது" என்றார். ராக்கம்மா ஒரு கோயிலுக்கும் சுற்றவில்லை. முதல் நாளே ஊசி போட்டுக்கொண்டாள். ஒரு இடத்தில் சரியாகவில்லை என்று இன்னொரு இடம், அங்கேயும் சரியாகவில்லை என்று மூன்றாவது இடம், எல்லாம் பட்டம் எழுதிப் பலகை மாட்டின இடங்கள். ஒருவர்கூட அவள் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. இதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நெடுநாள் நடக்கத் தெம்பில்லை. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. கணவர் அதை நான் பார்ப்பதற்குள் பெருக்கிவிடுவார். அந்த நாட்களில் எனக்கே ஒரு செய்தி செல்போனில் வந்தது. 'கொடைக்கானல் விலங்கியல் ஆசிரியைக்கு நடந்த அதிசயம். தாயத்து காட்டிக்கொடுத்த நோய். மருத்துவர்கள் வியப்பு.' எந்த மருத்துவரும் வியக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டு அதை அழிக்கச் சொன்னேன். "நல்ல விஷயம் நாலு பேருக்குப் போகட்டுமேம்மா" என்றார். அதே வாரம் கதிரவன் தன் வகுப்பில் என் கதையைத் தன் வழியில் சொல்லியிருக்கிறார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். இரண்டு கதையிலும் ராக்கம்மா இல்லை. இருந்தால் இரண்டு கதையும் கெட்டுவிடும்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் ஒரு காரை அமர்த்திக்கொண்டு நானும் கணவரும் பூண்டிக்குப் போனோம். சின்னத்தாய் அக்காவின் வீட்டில்தான் இருந்தாள். தலையில் துண்டு சுற்றியிருந்தாள். துண்டு நழுவியபோது பார்த்தேன், மொட்டை.

என் முகம் மாறியதைக் கவனித்துவிட்டாள். "என்ன பாக்குறீங்க? நேந்தது நேந்ததுதானே?"

"அக்கா எந்திரிச்சாத்தானேம்மா..."

"அப்படித்தான் சொன்னேன். அவ எந்திரிக்கலைன்னு முடிய மட்டும் நான் வச்சிக்கிட்டு என்ன செய்ய?" என்றாள்.

கடுங்காப்பி கொடுத்தாள். குடித்து முடித்தோம். பிறகு நேராகக் கேட்டாள். "ஒரே பூச்சி, ஒரே மருந்து, ஒரே சாமி. நீங்க எந்திரிச்சீங்க, அவ போயிட்டா. நீங்க கும்புட்டதுதான் கேட்டுச்சா?"

"இல்லம்மா. அப்படி இல்லவே இல்ல. எனக்கு மருந்து கொஞ்சம் வெள்ளனே போச்சு. உங்க அக்காவுக்கு மருந்து போறதுக்குள்ள சிறுநீரகம் கெட்டுப்போச்சு. அம்புட்டுத்தான் வித்தியாசம். மூணு எடத்துல காமிச்சீங்களே, ஒருத்தர் முதுகப் பாத்திருந்தாலும் இன்னைக்கு இருந்திருப்பா."

அவள் அதைத் தலையாட்டாமல் கேட்டாள். "சரி. அப்ப அவ அம்புட்டுக் கூப்பிட்டாளே, அது எங்க போச்சு?"

அத்தானாக இருந்தால் ஒரு பதில் வைத்திருப்பார். கதிரவனும் வைத்திருப்பார். நான் தேடிப் பார்த்தேன்.

"தெரியலம்மா" என்றேன்.

"தெரியலைன்னு சொல்லவா காரு வச்சு வந்தீங்க?"

அப்படி ஒரு இளக்காரம் அந்தக் குரலில். நான் மற்றவர்கள் மேல் வைத்திருக்கிற இளக்காரமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. கணவர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள். "அந்தப் பூச்சி எங்க இருக்கும்னாச்சும் தெரியுமா?"

"அது தெரியும்."

"வாங்க, காமிங்க."

வீட்டுக்குப் பின்னால், பூண்டு வயலுக்கும் சுவருக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல் மண்டிக் கிடந்தது. ராக்கம்மா தினமும் அதன் வழியாகத்தான் வயலுக்கு இறங்கியிருக்கிறாள். எலி வளைகள் இருந்தன. எலி இருக்கும் இடத்தில்தான் இந்தப் பூச்சி பெருகும், இந்தப் புல்தான், இதைத் தரையோடு வெட்டிப் போட வேண்டும், இதில் உட்காரவோ துணி காயப்போடவோ கூடாது, வயலிலிருந்து வந்ததும் குளித்துத் துணியை வெந்நீரில் போட வேண்டும் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். அரிவாளை எடுத்தாள்.

"இப்படியே எறங்காத. முழுக்கைச் சட்டை ஏதாச்சும் போட்டுக்க" என்றேன்.

உள்ளே போய், வயல் வேலைக்குப் பெண்கள் சேலைக்கு மேல் போட்டுக்கொள்கிற ஆண் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். அக்காவுடையது என்றாள். கழுத்துப் பொத்தான் வரை போட்டு, கையை இறக்கி மணிக்கட்டில் துணியால் கட்டிக்கொண்டாள். பிறகு பூம்பாறை முருகன் கோயில் இருக்கிற திசையில் திரும்பி, அரிவாள் பிடித்த கையோடு நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் குனிந்து வெட்ட ஆரம்பித்தாள்.

நானும் அந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். எதற்கென்று யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.